நாத்தனார் முடிச்சு

பச்சைத் தென்னங்கீற்று வாசனையும், அண்டாவில் கொதிக்கும் பூசணிக்காய் சாம்பார் வாசனையும் ஒன்றாக வந்தால் இன்றும் நான் அந்த இடத்தில் நிற்க மாட்டேன்.

அது ஏழுமலை மாமாவின் கல்யாணப் பந்தல் வாசனை. தியாகதுருகம் பக்கத்தில் அம்மா பிறந்த கிராமம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு...

அம்மா கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மாவைப் பெற்றவர்களும் சீக்கிரமே போய்விட, மாமாவை வளர்த்ததும் அம்மாதான். பெயருக்குத்தான் தம்பி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது முதல் டிரைவிங் பழக அனுப்பியது வரை எல்லாம் அவள். எங்கள் குடும்பத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் மாமாவுக்குப் பெண் முடிவான நேரம் பள்ளியில் பரீட்சை. லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் சித்தப்பாதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பொண்ணு எலவனாசூர்கோட்டை பக்கம்மா. கரும்பு வெட்ற குடும்பம். பதினெட்டு முடிஞ்சிச்சி. ஏழைங்க, ஆனா நல்ல மாதிரி" என்றார்.

கல்யாணத்தன்று காலை முதல் பஸ் பிடித்து நாங்கள் போய் இறங்கியபோதே மணமக்களை மணையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சு போடுவார். மற்ற முடிச்சுகளை அவருடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். அம்மா அவசரமாகப் போய்ப் பெண்ணின் பின்னால் நின்றாள். கெட்டிமேளம் ஆரம்பித்தது. தாலி கழுத்தில் ஏற வசதியாக மாலையைத் தூக்கிப் பிடித்தாள்.

குனிந்திருந்த பெண் லேசாகத் திரும்பினாள்.

"டீச்சர்..."

பச்சையம்மா! அந்த வருஷம்தான் அம்மாவிடம் ஏழாவது படித்தவள். பெற்றவர்கள் ஊரைவிட்டுக் கரும்பு வெட்டப் போனபோது கூடவே போனவள், பள்ளிக்குத் திரும்பவே இல்லை. அவளைத் தேடிப் போய், பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அம்மா வந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அம்மா எட்டி மாமாவின் கையைப் பிடித்துவிட்டாள். தாலி அந்தரத்தில் நின்றது. தவில்காரர் ஒன்றும் புரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

"நிறுத்துங்க! இது கொழந்த. எங்கிட்ட ஏழாவது படிக்கிற கொழந்த."

"இன்னாக்கா இது? எல்லாரும் பாக்கறாங்க... கைய வுடு" என்றார் மாமா.

"வெக்கமா இல்ல உனக்கு? இதுக்குத்தான் உன்ன வளத்தனா?"

பந்தலே அதிர்ந்துபோய்விட்டது. பெண்ணின் அப்பா ஓடிவந்து அம்மாவின் காலில் விழுந்தார். "டீச்சரம்மா, எங்க மானம் போவுதுங்க..." சித்தப்பா தாத்தா, "படிச்ச திமுரு!" என்று கத்திக்கொண்டே அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார். என் அம்மாவை ஒருவர் தொட்டுத் தள்ளி நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போது பந்தக்கால் ஓரமாக நின்றிருந்த பெண்ணின் அம்மா, அதுவரை வாயே திறக்காதவள், சொன்னாள்:

"இட்டுக்கினு போய்டுங்க டீச்சர்."

அம்மா பச்சையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். கூறைப்புடவையோடு பஸ் ஏறிய பெண்ணைப் பார்த்து கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார். பஸ் கொஞ்ச தூரம் போனதும் பச்சையம்மா மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், பசிக்குதுங்க."

காலையிலிருந்து அவளுக்கு யாரும் ஒரு வாய் சோறு போடவில்லை. அம்மா அப்போதுதான் அழுதாள்.

பச்சையம்மா எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். நர்ஸ் படித்தாள். மலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவள் கல்யாணத்தை அம்மாதான் முன்னால் நின்று நடத்தினாள்.

ஏழுமலை மாமா அந்தப் பந்தலோடு சரி. வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். எதற்கும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அம்மாவும் போகவில்லை. "அவனே வரட்டும்" என்பாள். ஆனால் தியாகதுருகம் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் சாப்பிடவைத்துத்தான் அனுப்புவாள்...

போன மாதம் அம்மா போய்விட்டாள். தொண்ணூறு தாண்டிய உயிர்.

மாமா வந்தார். கைத்தடி ஊன்றி, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு. அம்மாவின் மேல் அதைப் போர்த்திவிட்டு வெளியே வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திடீரென்று சொன்னார்.

"பொண்ணு பாக்க போனது நானா? பதினெட்டுன்னாங்க, தலையாட்டினேன். மணையில தலய குனிஞ்சிக்கினு இருந்திச்சி, மொகத்தகூட பாக்கல. ஒங்கம்மா ஒரே ஒரு வார்த்த, டேய் இது சின்னப் புள்ளடானு காதுல சொல்லியிருந்தா நானே மாலைய கழட்டி வச்சிருப்பேன். ஊரே பாக்க வெக்கமா இல்லயானு கேட்டுட்டா."

இத்தனை வருஷமும் எங்கள் வீட்டில் இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம்! ஒருமுறைகூட, மாமாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே. அம்மாவுக்குமா தோன்றவில்லை?

பச்சையம்மா அவருக்குக் காபி கொண்டுவந்து நீட்டினாள்.

"நீ யாரும்மா?"

"பச்சையம்மாங்க."

டம்ளரை வாங்கிய கை அப்படியே நின்றது. அவள் முகத்தையே பார்த்தார். அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார்.

"நல்லா கீறியாமா?" என்றார்.

"நல்லா இருக்கங்க."

காபியைக் குடித்து முடித்து, டம்ளரை அவளிடமே கொடுத்தார்.

இப்போதெல்லாம் ஒரு போன் அடித்தால் ஆபீசர்கள் ஜீப்பில் வந்து இறங்கி இப்படிப்பட்ட கல்யாணத்தை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பெண்ணே போன் செய்கிறாள். நல்ல காலம்தான். யாரும் தன் தம்பியின் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதில்லை.

அன்று அம்மாவுக்கு யோசிக்கக் கிடைத்தது, ஒரு கெட்டிமேளம் கொட்டும் நேரம். அதில் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டாள்.

தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை. அதன் பிறகு நிறைய நேரம் இருந்தது... இரண்டு பேருக்கும்.