சைலன்சரை முகர்பவர்

சைலன்சரில் மூக்கை வைத்து ஓர் இழுப்பு இழுத்த பிறகுதான் அவர் ஸ்பேனரையே தொடுவார். மரம் அறுக்கும் மிஷின் எதுவானாலும் முதலில் மோப்பம், கையோடு தீர்ப்பு. "பெட்ரோல் பழசு", "தூசி அடைச்சிருக்கு", "இதை மிஷின்னு சொல்லாத, மனசு வலிக்குது." தெருவே அவரை மோப்பக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

கழற்றும்போது பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் தனித்தனி அர்ச்சனை. "வாடா ராசா, அடம் பிடிக்காத" என்று கொஞ்சுவார். வராவிட்டால் அதன் பரம்பரையையே வம்புக்கு இழுப்பார். கழற்றியதெல்லாம் பழைய சோப்பு டப்பாவுக்குள் போகும். அந்த டப்பாவை யாராவது நகர்த்தினால் தொலைந்தார்கள்.

இன்றைக்குப் பட்டறையில் மரம் அறுக்கும் இளைஞனும் அவன் மனைவியும் நிற்கிறார்கள். இன்ஜின் இறுகிப்போய், கயிற்றை இழுத்தால் அசையமாட்டேன் என்கிறது. நேற்று அவன் கொண்டுவந்தபோதே மோப்பக்காரர் முகர்ந்து சொல்லிவிட்டார்: "ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல்ல ஓட்டியிருக்கீங்க. காஞ்சு புடிச்சிருச்சு." பெட்ரோலில் ஆயில் கலப்பது மனைவியின் வேலை. வீட்டில் என்ன ரகளையோ, அழுதழுது அவள் கண் வீங்கியிருக்கிறது.

"அளந்துதாண்ணே ஊத்துனேன்" என்றாள் அவள்.

"நாளையிலேர்ந்து என் தம்பி வருவான். இவ வீட்டோட கிடக்கட்டும்" என்றான் கணவன்.

"தொறந்தா தெரிஞ்சிடப்போகுது" என்று மோப்பக்காரர் சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரை அசைத்து அசைத்து உருவினார். பிஸ்டன் வெளியே வந்ததும் அர்ச்சனை பாதியில் நின்றது. பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் மினுமினுத்தது. ஆயில் ஒழுங்காகக் கலந்த இன்ஜின்! பிஸ்டன் தலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். அது சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். இதுவோ கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாற்றிப் போட்டால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் முனை புகை போகும் துவாரத்தில் மாட்டி உடைந்து இன்ஜினை இறுக்கிவிடும். உடைந்துதான் கிடந்தது. போன மாதம் அந்தப் பிஸ்டனை மாட்டியவர் சாட்சாத் இவரேதான்.

"என்னண்ணே, ஆயில்தானே?"

"ம்" என்றார். வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"கேட்டியா?" என்று கணவன் மனைவி பக்கம் திரும்பினான். அவள் கையிலிருந்த பெட்ரோல் கேனை மெதுவாக அவன் காலடியில் வைத்தாள்.

மோப்பக்காரருக்குக் காது நுனிவரை சுட்டது. ச்சே, என்ன மனுஷன் நான்! மகள் வயசுப் பெண்மேல் இரண்டு தடவை பழி போட்டாயிற்று. அதுவும் இரண்டாவது தடவை தெரிந்தே. குறுக்கே கோத்திருந்த ஊசியைத் தள்ளிப் பிஸ்டனைக் கழற்றினார்.

"இங்க வாம்மா" என்று கூப்பிட்டு அவள் உள்ளங்கையில் அதை வைத்தார். "தடவிப் பாரு. நீ ஊத்துன ஆயில்தான். ஒரு குறையும் இல்ல."

"இப்பதானே ஆமான்னீங்க? அப்போ தப்பு யாரோடது?" என்றான் கணவன்.

மோப்பக்காரர் அம்புக்குறியின்மேல் விரலை வைத்தார். அந்த விரலையே திருப்பித் தன் நெஞ்சில் குத்திக்கொண்டார். சட்டையில் கறுப்பாக ஒட்டியது.