பிலோமி கழற்றி வைத்த சக்கரம்

1949ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து அடைமழை நாளொன்றில் பிலோமியை முதன்முதலாகக் கண்டேன். எங்கள் வீட்டுச் சோபா மெத்தைகளுக்குப் புதிய உறை தேவைப்பட்டது. இராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் ஒரு பெண் வீட்டிலேயே அவ்வேலையைத் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, தோல்போன்ற ரெக்சின் துணியை எடுத்துக்கொண்டு சென்றேன். சந்து முனையை அடையும்போதே, தகரக் கூரைமேல் ஆலங்கட்டி கொட்டுவது போன்ற ஓசை கேட்டது. வானத்தை அண்ணாந்து பார்த்தேன். ஓசையோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

அது வீடுகளில் இருக்கும் தையல் இயந்திரம் அன்று. போர்க்காலத்தில் படைகளுக்குக் கூடாரம் தைத்த கொட்டகை ஒன்றில் பிலோமி ஓட்டிய இயந்திரம். போர் முடிந்து கொட்டகையை மூடியபோது, முதலாளி அதனை அவளிடமே விட்டுச் சென்றார். மேசைக்கு அடியில் மின்மோட்டார். மோட்டாரின் இரும்புச் சக்கரத்திலிருந்து ஒரு தோல்வார் மேலேறி, இயந்திரத்தின் கைச்சக்கரத்தைச் சுழற்றும். மிதியை அழுத்தினால் ஊசி கண்ணுக்கே தெரியாது. கூடாரத்தின் நீண்ட நேர்தையலுக்கு அந்த வேகம் பொருந்தியது. மெத்தை உறையின் மூலைகளையோ ஒவ்வொரு தையலாகத் திருப்பவேண்டும்.

"கொஞ்சம் பொறும்மா, இத்த ஒரு கை பாத்துட்டு வரேன்" என்று அவள் மிதித்தாள். ஊசி மூலையைக் கடந்து வெளியே ஓடிவிட்டது.

சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த அவளுடைய கணவர் அருள்நாதன் சிரித்தார். "இன்னா பிலோமி, கல்கத்தா மெயிலு திருவொத்தியூர்ல நிக்கலியா?"

"யோவ், சும்மா கெட. நீ எறங்கி வந்து புடிச்சு நிறுத்து, பாக்கலாம்!"

அவரால் இறங்க இயலாது. துறைமுகத்தில் மூட்டைகள் சரிந்து இடுப்பு முறிந்ததிலிருந்து, ஒருவர் தூக்கி உட்காரவைத்தால்தான் உட்காருவார். எண்ணூரில் தார்ப்பாய் தைக்கும் கொட்டகைக்காரர் ஒருவர், பிலோமியை இயந்திரத்தோடு வருமாறு அழைத்துக்கொண்டிருந்தார். அங்குச் சென்றால் பகலில் அவரைத் தூக்கிவிட ஆளிருக்காது; கணவரைப் பழவேற்காட்டிலிருந்த அவருடைய தமக்கையிடம் அனுப்பிவிட வேண்டும். அவரோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டுமானால், இந்த இயந்திரம் மெதுவாக ஓடவேண்டும். கிறிஸ்துமசுக்குள் பதில் சொல்வதாக எண்ணூருக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.

உறை எப்போது முடியும் என்பதைவிட, அந்த வேகத்தை அவள் எவ்வாறு அடக்கப்போகிறாள் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாயிற்று. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பாதி மிதித்துப் பார்த்தாள். மோட்டார் உறுமியதே தவிர, தடித்த ரெக்சினுக்குள் ஊசி இறங்காமல் நின்றுவிட்டது.

ஒருநாள் புதிய யோசனையோடு இருந்தாள். "அம்மா, கட்டவண்டி சக்கரம் எம்மாம் பெருசு! எம்மாம் மெதுவா போவுது! மோட்டாருக்கும் பெருசா ஒண்ணு மாட்டிட்டா?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. கட்டில் கால் கடையும் கிருஷ்ணப்பன், பூவரச மரத்தில் பெரிய சக்கரமொன்றைக் கடைந்து கொண்டுவந்தார். மோட்டாரின் இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதனை மாட்டினார்கள். நீளம் போதாத தோல்வாரை ஒட்டுப்போட்டார்கள். பிலோமி மிதித்ததுதான் தாமதம். இயந்திரம் முன்னிலும் பன்மடங்கு வெறியோடு பறந்தது. மேசை நடுங்கி வாசற்பக்கம் நகர்ந்தது. ஊசி ஒடிந்தது, நூல் அறுந்தது.

"மெயிலு போயி ஏரோப்ளேன் வந்துட்ச்சு!" என்றார் அருள்நாதன். "கிருஷ்ணப்பா, நீ சக்கரம் செஞ்சியா, பட்டாசு செஞ்சியா?"

"நான் இன்னாப்பா பண்றது? கேட்டத கடஞ்சேன்" என்று கிருஷ்ணப்பன் தோளைக் குலுக்கினார்.

பிலோமி சிரிக்கவில்லை. தோல்வாரை விலக்கி, ஊசியை மாற்றினாள். பாபினில் புது நூல் சுற்றுவதற்காகக் கைச்சக்கரத்தைக் கையாலேயே மெல்லத் திருப்பினாள். அதனை ஒட்டிச் சுழலும் குட்டிச் சக்கரம் ஒன்றுதான் பாபினைச் சுற்றும். அவள் கை திடீரென நின்றது. மீண்டும் திருப்பினாள், மீண்டும் நிறுத்தினாள்.

"அம்மா, இத்த பாருங்க. பெருசு சோம்பேறி மாதிரி ஒரு சுத்து வருது. அதுக்குள்ள குட்டி பேயாட்டம் சுத்துது. நானு மோட்டார்ல பெருச வெச்சு, மிஷினு பக்கம் குட்டிய வுட்டுகினு கீறேன்!" என்று இப்போதுதான் சிரித்தாள். "கட்டவண்டிய மாடு இழுக்குது. இங்க இழுக்கறதே சக்கரந்தான்."

மறுநாளே இடத்தை மாற்றினார்கள். மரச் சக்கரம் இயந்திரத்துக்கு ஏறியது. மோட்டாருக்குக் கிருஷ்ணப்பன் கைப்பிடி அளவில் சின்னஞ்சிறு சக்கரமொன்று கடைந்து தந்தார். தோல்வாரை அளவுக்குச் சரிசெய்தார்கள். பிலோமி மிதித்தாள். ஊசி இறங்குவதையும் ஏறுவதையும் நான் என் கண்ணால் கண்டேன். மூலை வந்தது, துணியைத் திருப்பினாள், ஊசி காத்திருந்தது. ரெக்சினை நான்காக மடித்து வைத்தாள். முன்பு திணறிய இடத்தில் இப்போது சிரமமின்றித் துளைத்தது.

"இன்னாய்யா இது, மெதுவா போனா பலம் கூடுது?"

"ஹார்பர்ல கிரேனு மூட்டைய தூக்கறப்போ எப்டி ஊரும், பாத்துகீறியா?" என்றார் அருள்நாதன். "ஓடிகினே தூக்குமா?"

தான் வரவில்லை என்று அன்றைக்கே எண்ணூருக்குச் சொல்லியனுப்பினாள். கழற்றிய இரும்புச் சக்கரத்தை, என் மெத்தை உறைகளோடு சேர்த்து என்னிடம் நீட்டினாள். எங்கள் வீட்டு வாசற்கதவு கடற்காற்றில் ஓயாமல் அடித்துக்கொள்வதைப் பற்றி முன்பு சொல்லியிருந்தேன். "கதவுக்கு முட்டு குடுங்கம்மா. எனக்கு இனிமே இது வேணாம்" என்றாள்.

அதன்பிறகு இராயபுரத்தில் பல வீட்டுச் சோபாக்கள் அவளிடம் போய்வந்தன. உறை விளிம்பில் வைக்கும் கயிற்றை, படுத்தபடியே அருள்நாதன் வெட்டிக் கொடுப்பார். இயந்திரத்தின் ஓசைக்கு மேலே அவர் பேசுவது வாசல்வரை கேட்கும்.

1956ஆம் ஆண்டு மாசியில் அவர் காலமானார். காசிமேட்டில் அடக்கம் செய்தார்கள். சில வாரங்கள் கழித்து, பிலோமி ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எண்ணூருக்குப் போகப்போவதாகவும், இயந்திரத்தையும் உடன் கொண்டுபோவதாகவும் சொன்னாள்.

"வீட்டிலேயே தைக்கலாமே, பிலோமி?"

"அங்க நேர்தையலும்மா. வெரசா ஓடணும். இங்க யாரு பேசறது காதுல வுழணும்னு மெதுவா ஓட்டறது?"

பிறகு பையிலிருந்து, கடற்கரையில் எடுத்த கருங்கல் ஒன்றை எடுத்து என் கதவோரம் வைத்தாள். அவள் என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டது அப்போதுதான்.

"கதவுக்கு இத்த வெச்சுக்கோங்க. அந்த சக்கரத்த குடுங்கம்மா."