பிலோமினாவின் ஐந்தாவது கேமரா

ராயபுரத்தில் முப்பது வருடமாகக் கல்யாணம், கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மை, சாவு என்று எதையும் விடாமல் வீடியோ எடுத்த பிலோமினா போன வாரம் இறந்துபோனார். செய்தியைத் தொலைபேசியில் சொன்னது அவர் மகள் ஜெனிபர். “அம்மா பூட்டாங்க அங்கிள். காலைல டீ வச்சிக் குடுத்தேன், ஆறிப் போச்சு, எழுந்துக்கவே இல்ல. அடக்கத்துல நீங்க நாலு வார்த்த பேசணும்.” எத்தனை நிமிடம் பேசலாம் என்று கேட்டேன். அனுதாபம் சொல்வதற்கு முன்பே கேட்டேன். “உங்க இஷ்டம் அங்கிள்” என்றது அந்தப் பெண், அழுகைக்கு நடுவே. கடைசியில் நான் பேசவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அங்கே சொல்லாததை, அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது எண்ணூர்க் கழிமுகத்தில், ஏதோ ஓர் ஆலையின் கழிவு கலந்து மீன் செத்து மிதந்த ஒரு காலையில். கட்டுரை எழுத நான் போயிருந்தேன். ஆதாரத்துக்காக மீனவர்கள் அவரை அழைத்திருந்தார்கள். முழங்கால் சேற்றில் நின்று இருபது நிமிடம் ஒரே கழிவுக் குழாயைப் படம் எடுத்தார். பக்கத்தில் நின்று நான் அந்தக் காட்சியின் உட்பொருளை விளக்கிக்கொண்டிருந்தேன். கேமராவை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “இன்னா எழுத்தாளரே, என் வீடியோல உன் கொரலு ஓடிகினு கீது. கேமரா ஆன் ஆனா வாய ஆஃப் பண்ணணும். தேதி சொல்லு, நேரம் சொல்லு, எடம் சொல்லு. அப்பால கம்முனு இரு.” மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அந்த வீடியோவைப் பார்த்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியால் எதையும் மறுக்க முடியவில்லை. என் கட்டுரையை மட்டும் பாராட்டி அவர் கடிதம் எழுதினார்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குக் கோயிலிலிருந்து புனிதப் பயணம் போன கூட்டத்தோடு, அவர்களைப் படம் எடுக்கும் வேலையாக, பெத்லகேம் போய் வந்தார். மற்றவர்கள் ஒலிவ மரச் சிலுவை வாங்கிய கடையில் ஹனான் என்ற பாலஸ்தீனப் பெண்ணோடு இவருக்குப் பழக்கமாயிற்று. ஹனானின் கிராமம் அங்கிருந்து சற்றுத் தொலைவு. தங்கள் ஒலிவத் தோட்டத்துக்குள் படைவீரர்கள் வருவதையும் மரங்கள் சாய்வதையும் போனில் எடுத்து வைத்திருந்தாள். போனைப் பிடுங்கி உடைத்துவிடுகிறார்கள், தள்ளி நின்று எடுக்கிற மாதிரிக் கேமராக்கள் வேண்டும் என்றாளாம். ஊர் திரும்பியதும் பிலோமினா தெரிந்தவர்களாக எங்கள் ஆறு பேரைக் கூட்டினார். அடுத்த பயணக் கூட்டத்தின் பெட்டியில் கேமராக்களை அனுப்புவது என்று முடிவாயிற்று. ஆறு பேருக்கு ‘வடசென்னை பாலஸ்தீன மக்கள் ஒருமைப்பாட்டு மன்றம்’ என்று பெயர் வைத்தவன் நான். தமிழ் நன்றாக எழுதுவேன் என்று என்னைச் செயலாளராக்கினார்கள்.

நிதி திரட்டக் காசிமேடு போனோம். நான் இரண்டு பக்கத் துண்டறிக்கை எழுதியிருந்தேன். ஒட்டோமான் பேரரசில் தொடங்கியது. நிகழ்காலத்தை எட்டுவதற்குள் தாள் முடிந்துவிட்டது. மீன் விற்கும் ஓர் அம்மா அதை வாங்கி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஊரு எங்க கீது?” என்று கேட்டார்.

“ஏசுநாதர் பொறந்த ஊரு இல்ல, அந்தப் பக்கம்தான்” என்றார் பிலோமினா. “நாளைக்கு நம்ம கடலுக்கு வேலி போட்டு, சீட்டு காட்டுனாதான் வலைய எடுக்கலாம்னா இன்னா பண்ணுவே? அங்க அப்டித்தான் கீது. அத புடிக்கத்தான் கேமரா அனுப்பறோம்.”

“போட்டோ புடிச்சா வேலிய எடுத்துருவானா?”

“எடுக்க மாட்டான். ஆனா வேலியே போடலன்னு சொல்ல முடியாது பாரு.”

அந்த அம்மா இடுப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வாளியில் போட்டார். “நல்லதா பாத்து வாங்கு. கலீஜ் ஐட்டத்த வாங்கி அனுப்பாதே.”

ஐந்து கேமரா வாங்க முடிந்தது. அதற்கு ஒரு விழா வைத்தேன். எங்கள் பக்கத்தில் கொடுத்ததைப் படம் எடுக்காவிட்டால் கொடுத்ததாகவே ஆகாது. மொய்க் கவரைப் பாதி நீட்டியபடி வீடியோ விளக்கு தம் பக்கம் திரும்பும்வரை மேடையில் அசையாமல் நிற்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நன்கொடையாளர் ஒவ்வொருவரும் மேடையேற வேண்டும், அதை அந்த ஐந்து கேமராவாலேயே ஐந்து கோணத்தில் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். “இது அங்க போற பொருளு. இதுல நம்ம மூஞ்சி இன்னாத்துக்கு?” என்று பிலோமினா கேட்டார். இது ஒரு குறியீடு என்றேன். குறியீட்டின்மீது நாற்பத்தாறு நிமிடம் பேசினேன்.

பெட்டி கட்டும் நாளில் போன் செய்தார். “கேமரா கார்டெல்லாம் அழிச்சிகினு கீறேன். நாலு ஆச்சு. அஞ்சாவதுல ஃபுல்லா உன் பேச்சுதான். அழிச்சிடட்டா?”

“வேண்டாம். நாம் எப்படிப் பேசினோம் என்று அவர்களும் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவர்களே அழித்துக்கொள்வார்கள்.”

“அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

“உணர்ச்சி புரியும்.”

“சரி, உன் ஆசைய ஏன் கெடுக்கணும்” என்று வைத்துவிட்டார்.

அந்த ஐந்தாவது கேமரா ஹனானுக்குப் போயிற்று. கைக்கு வந்த மறுநாளே ஊருக்குள் புல்டோசர் வந்தது. ஹனான் மாடியிலிருந்து எடுக்கத் தொடங்கினாள். நான்காவது நிமிடத்தில் கார்டு நிறைந்துவிட்டது. அடுத்த நிமிடம் அவள் தம்பியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவன்தான் முதலில் கை ஓங்கினான் என்று வழக்கு. ஓங்கவில்லை என்று காட்ட அவளிடம் எதுவும் இல்லை. பிலோமினாவுக்கு எழுதியிருந்தாள்: “உங்கள் விழாவை அழித்துவிட்டுத் தொடர்ந்திருக்கலாம். எங்களுக்காக இவ்வளவு நேரம் பேசிய மனிதரை எப்படி அழிப்பது என்று ஒரு கணம் தயங்கினேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மன்னியுங்கள்.”

மன்னிப்புக் கேட்டது அவள்.

மன்றத்தைக் கூட்டினோம். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற துரைசாமி, “கல்யாண வீடியோ எடுக்கிறவங்க கைல குடுத்தா இப்டித்தான் ஆவும். கார்டு காலியா கீதான்னு பாக்கத் தெரியாதா?” என்று கத்தினார். பிலோமினா என்னைப் பார்த்தார். ஒருவன் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் பார்த்தார். பிறகு, “என் தப்புதான். நான்தான் பாத்திருக்கணும்” என்றார்.

படி இறங்கும்போது அவரிடம் நன்றி சொன்னேன். “எனக்கு இன்னாத்துக்கு நன்றி? அந்தப் பையன் உள்ள கீறான். அவன் அக்காவுக்கு எழுது” என்றார். எழுதுவதாகச் சொன்னேன். வருடக்கணக்கில் மனசுக்குள் பல வரைவுகள் எழுதினேன். பையன் பல மாதம் கழித்து வெளியே வந்தான். பிலோமினா பிறகு மன்றத்துக்கு வரவில்லை. அடுத்த பயணத்தில், கல்யாண வீடியோ எடுத்த சம்பாத்தியத்தில் வாங்கிய பத்துக் காலிக் கார்டுகளை நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். விழா எதுவும் நடக்கவில்லை. என்னிடம் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வழியில் பார்த்தால், “இன்னா எழுத்தாளரே, நல்லா கீறியா?” என்பார். நல்லா இருக்கிறேன் என்பேன்.

துரைசாமி கத்திய அன்றைய கூட்டத்தின் குறிப்பில், ‘திருமதி பிலோமினாவின் கவனக்குறைவால்’ என்று ஒரு வரி இருக்கிறது. செயலாளர் என்ற முறையில் நான் எழுதியது. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஜெனிபரிடம் போய், அந்த வரியைச் சொல்லி, அழிக்க வேண்டாம் என்றது நான் என்றேன்.

“தெரியும் அங்கிள். அன்னிக்கு அம்மா ஸ்பீக்கர்ல போட்டுதான் பேசினாங்க. பொட்டி கட்டினதே நான்தான்” என்றாள். குறிப்பேட்டைத் திறக்காமலே திருப்பித் தந்தாள். “இத எங்கிட்ட குடுத்து இன்னா பண்றது? யார்கிட்ட அம்மா மேல தப்புன்னு சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க.”

மன்றத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். ஹனானுக்கு இன்று எழுதுகிறேன். பிலோமினாவின் புகைப்படமோ, அவர் எடுத்த வீடியோவோ என்னிடம் இல்லை. அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான்: என் தவறுக்கு நேராக, என் கையெழுத்தில், அவர் பெயர்.