நெறி கட்டிய ஆலோசகர்

பாலியல் நோய்ப் பரிசோதனைக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் அறைக்கு வருகிறவர்களில் பலர் தமக்காக வருவதில்லை, ஒரு நண்பனுக்காக வருகிறார்கள். இதில் முதல் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. எங்கள் கொல்லிமலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அக்கா சொல்லிக் கேட்டது. மற்றவை என் சொந்தக் கஷ்டம். கழுத்தையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்த்தே பொழுதைப் போக்கும் என் இனத்தார் தைரியமாகப் படிக்கலாம்.

நல்ல நண்பன்

சமவெளியிலிருந்து ஒருவர் மலையேறி வந்தாராம். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க, கீழே இருப்பவர்கள் மேலே வருவதும் மேலே இருப்பவர்கள் கீழே போவதும் இங்கே வழக்கம். நண்பனுக்குத் தொடை இடுக்கில் வீங்கி நெறி கட்டியிருக்கிறது, என்ன பரிசோதனை செய்யலாம் என்று அவர் நெடுநேரம் விசாரித்தார். எல்லாம் விளக்கிவிட்டு, "அவரை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?" என்று அக்கா கேட்க, சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னாராம்: "அவனுக்கு ஊசின்னா பயமுங்க. எனக்கே எடுத்துருங்க."

எனக்கு வந்தது

எங்கள் மலையிலேயே உள்ள வாழவந்தி நாடு என்ற ஊரில் ஒரு பரிசோதனை முகாமுக்குப் போய் வந்த மறுவாரம், குளிக்கும்போது என் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கல்லூரி முடித்த சமயம் ஒரு பெண்ணோடு பழகியிருந்தேன். பாதுகாப்பாக இருந்தோம் என்று சொல்ல முடியாது. அது முடிந்தே ஒரு வருடத்துக்கு மேல். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அம்மா அப்போதுதான் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். நோய் இருந்தால் அம்மாவிடம் என்ன சொல்வது, அன்று பழகிய பெண்ணிடம் என்ன சொல்வது?

அன்று ஆலோசனைக்கு வந்த மிளகு விவசாயி ஒருவர், அங்கேயும் நெறி இருக்கிறதா என்று நான் பேசிக்கொண்டே என் கழுத்தைத் தடவுவதைப் பார்த்துவிட்டு, பரிசோதனை வேண்டாமென்று எழுந்துகொண்டார். "நீங்க சொல்றதெல்லாம் சரிதானுங்க சார். ஆனா உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு நோவு உறுதியான மாதிரி இருக்குதுங்க."

பெஞ்சில் பக்கத்து இடம்

எங்கள் அறையிலேயே ரத்தம் கொடுத்திருக்கலாம். அக்காவிடம் கை நீட்டத் தைரியமில்லை. லீவு போட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தவர் அதே மிளகு விவசாயி. நான் உட்கார்ந்ததும் கேட்டார்: "ஏனுங்க சார், உங்களுக்கே உங்க ஆஸ்பத்திரி ஒத்துக்கலைங்களா?"

மேலே தேடியது

முடிவு அன்றே வந்தது. எனக்கு ஒன்றுமில்லை, இவ்வளவு நாள் கழித்துச் செய்த பரிசோதனை என்பதால் மறுபடி வர வேண்டியதும் இல்லை. விவசாயிக்கும் ஒன்றுமில்லை என்பது, வெளியே வந்து அவர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. அப்படியானால் இந்தக் கட்டி? டாக்டர் என் காலைக் காட்டச் சொன்னார். முகாமன்று கோயில் வழியில் ஊரார் எல்லோரும் வெறுங்காலில் நடந்தார்கள். மரியாதைக்கு நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்போது முள் குத்திய குதிகால் சீழ் பிடித்திருந்தது. நொண்டிக்கொண்டுதான் திரிந்தேன், இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அங்கயே தடவிட்டு இருந்ததுக்குக் கொஞ்சம் கீழயும் குனிஞ்சு பாத்திருக்கலாம்."

புண் ஆறி நெறியும் கரைந்தபின் ஆலோசகர் பயிற்சியில் கூடப் படித்த ஒருவரிடம், இதை நமக்குச் சொல்லித்தந்தார்களா என்று விசாரித்தேன்: காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்று அன்று வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கிப் பதில் சொன்னது நான்தானாம்.