தாவத் தெரிந்தும் நடந்தவர்

ஜெபராஜ் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு ரோஜாப்பூப் படத்தோடு வந்தது. வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை வாசலில் நின்று, வந்திருக்கும் நீலம், சரக்கு வாங்கும் பையர் கேட்ட நீலம் இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. ‘நம் குழுவின் தூண் சாய்ந்தது’ என்று எங்கள் வாட்ஸப் குழுவில் சிவசாமி போட்டிருந்தார். கீழே ரோஜா, அதற்கும் கீழே எரியும் விளக்கு. நான் படித்து முடிப்பதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எப்படி இறந்தார் என்று ஒருவரும் எழுதவில்லை. எங்கள் ஊர் ராயபுரத்தில் அவர் அலுவலகத்துக்குக் கீழே டீக்கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டுத்தான் மாரடைப்பு என்று தெரிந்துகொண்டேன்.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்ததாகச் சொல்லிக்கொள்கிற உங்களுக்காகவும்தான். ‘சாந்தமே உருவானவர்’, ‘யாரையும் கடிந்து பேசாதவர்’ என்றெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறீர்கள். யாரைப் பற்றி? நான் அறிந்த ஜெபராஜ் அண்ணன் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்குக் காது சிவக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக் பார்க்கும் மென்பொருள் எழுதிப் பிழைத்தவர். அரைகுறை வேலையைக் கண்டால் அவருக்கு அருவருப்பு. அதை மறைக்கிற நாகரிகமும் அவருக்குக் கிடையாது.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஓர் எழுத்து விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரில் என்ன இருக்கிறது என்று திரை எழுத்தில் சொல்லும். ‘கிழக்கே போ’, ‘கதவைத் திற’ என்று நீங்கள் தட்டினால் அது பதில் சொல்லும். எங்கள் விளையாட்டின் பெயர் ‘கடைசிப் பெட்டி’. கரண்ட் போன ஒரு பனியன் கம்பெனிக்குள் காணாமல் போன அட்டைப்பெட்டியைக் கண்டுபிடித்து, கன்டெய்னர் கிளம்புவதற்குள் ஏற்ற வேண்டும். அறைகளின் வர்ணனையை நான் எழுதினேன். கணினி நிரல் ஜெபராஜ் அண்ணனுடையது. இடமும் காப்பியும் சிவசாமியுடையவை. வீரபாண்டியில் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி நடத்தும் அவர்தான் தலைவர். தலைவர் ஆவதற்காகவே குழு ஆரம்பித்தவர்.

செய்கிறவர்களின் வசதிக்காக அதற்குள் சில சோதனைக் கட்டளைகள் உண்டு. ‘தாவு’ என்று தட்டி ஓர் அறையின் பெயரைப் போட்டால், வழியில் எத்தனை பூட்டு இருந்தாலும் அங்கே போய் நிற்கலாம். ‘வரவழை’ என்று தட்டி ஒரு பொருளின் பெயரைப் போட்டால், அது எங்கே இருந்தாலும் கைக்கு வந்துவிடும். ‘தடம்’ என்று தட்டினால், நீங்கள் சொன்னதை விளையாட்டு எந்தெந்த விதியில் வைத்துப் பார்த்தது, எந்த விதி மறுத்தது என்று வரி வரியாகக் காட்டும். தாவலும் வரவழைத்தலும் எங்கள் குழுவுக்கு உயிர். தடத்தை அண்ணனைத் தவிர யாரும் சீந்தியதில்லை. தப்பு எங்கே என்று சொல்கிற கட்டளை யாருக்கு வேண்டும்?

டார்ச் விவகாரத்தை எல்லோரும் சௌகரியமாக மறந்திருப்பீர்கள். டார்ச் முதலில் செக்கிங் மேசைமேல்தான் இருந்தது. சிவசாமிக்கு அது பொறுக்கவில்லை. “எங்க கம்பெனில டார்ச்சு கோடவுன்லதானுங்க தொங்கும். இதுலயும் அங்கயே தொங்கட்டுமுங்க” என்று அவரே நிரலைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றினார். அண்ணன் அன்று வரவில்லை. பிறகு சோதனை நடந்தது. டார்ச்சை வரவழைத்தார்கள். அயர்னிங் பகுதிக்குத் தாவிச் சாவியை எடுத்தார்கள். கோடவுன் வாசலுக்குத் தாவிப் பூட்டைத் திறந்தார்கள். ஒரே கைதட்டல். சிவசாமி பஜ்ஜி வரவழைத்தார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்து உட்கார்ந்து, வாசல் கேட்டிலிருந்து நடக்கத் தொடங்கினார். அவர் எப்போதும் அப்படித்தான். ஓர் எழுத்து மாறினாலும் முதல் அறையிலிருந்து கடைசிப் பெட்டிவரை முழுதாக நடப்பார். அயர்னிங் பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அங்கே இருட்டு. டார்ச் இல்லாமல் சாவி கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சோ கோடவுனுக்குள் தொங்குகிறது. கோடவுனைத் திறக்க அந்தச் சாவி வேண்டும். உலகத்தில் ஒருவராலும் முடிக்க முடியாத விளையாட்டைக் கூடி உட்கார்ந்து பாஸ் செய்திருந்தார்கள்.

“யாருவே இதச் சோதிச்சது?”

“எல்லாருமே பாத்தாச்சுங்க. நல்லா ஓடுதுங்க” என்றார் சிவசாமி.

“நடந்து வந்தியளா, தாவி வந்தியளா?”

“தாவித்தானுங்க. அதுக்குத்தானுங்க அந்தக் கட்டளைய வெச்சிருக்குது?”

“தப்பு இருக்குத எடத்துக்குச் சீக்கிரம் போறதுக்கு வச்சதுவே அது. பாஸ் போடுததுக்கு இல்ல. கைய நீட்டுனா டார்ச் வந்து விழும்னா எதுக்குக் கரண்ட் கட்டு? லைட்டப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க.”

டார்ச்சைத் திரும்பவும் செக்கிங் மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடி வாசல் கேட்டிலிருந்து நடந்தார். நாங்கள் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தோம். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். இன்று அவர்கள்தான் ‘அவருடைய பொறுமை’ என்று எழுதுகிறார்கள்.

தாவிப் பார்த்துவிட்டுப் பாஸ் போடும் இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று, பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓடும் மெர்ச்சண்டைசரான எனக்குத் தெரியாதா? பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால் நல்ல பீஸ்கள் முன்வரிசைப் பெட்டிகளுக்குப் போய்விடும். அவர் கண் சுவரோரப் பெட்டிப் பக்கம் போனால் இளநீர் வந்துவிடும். திறந்த பெட்டி நன்றாக இருந்தது, ஆகவே திறக்காததும் நன்றாக இருக்கிறது. அதே கையோடுதான் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுச் செய்ய வருகிறோம். அண்ணன் இதை நேராகவே சொன்னார்: “உங்களுக்குத் தொறந்து வச்ச பெட்டிய மட்டும்தான் பாக்கத் தெரியும்.” கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

என்னையும் அவர் விட்டுவைத்ததில்லை. ‘பனியனை மடி’ என்று தட்டினேன். மடிக்க முடியாது என்றது திரை. “ஏனுங்ணா, உங்க மெஷினுக்குப் பனியன் மடிக்கக்கூடத் தெரியாதுங்ளா?” என்று கேட்டேன். அவர் தடத்தைப் போட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “மாட்டேன்னு சொன்னா மூஞ்சியத் தூக்காத. எந்த எடத்துல மாட்டேங்குதுன்னு படி.” படித்தேன். பனியன் என் கையில் இல்லை, மேசையில் இருந்தது. எடுக்காமலே மடிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மாலை முழுவதும் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

விளையாட்டை வெளியே விடும்முன் சோதனைக் கட்டளைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சிவசாமி ஒப்பவில்லை. காரணம் எளிது. தாவாமல் அவரால் தன் சொந்த விளையாட்டை முடிக்க முடியாது.

நினைவுக் கூட்டத்துக்கு வருகிறேன். வராதவர்களும் வந்ததாகப் பேசிக்கொள்வதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் பெரிய திரை. அண்ணனின் மனைவி ரெஜினா அக்கா முன்வரிசையில். சிவசாமி மைக்கைப் பிடித்து, ‘கடைசிப் பெட்டி’க்குள் ஜெபராஜ் நினைவு அறை ஒன்றைத் தானே கட்டியிருப்பதாக அறிவித்தார். செக்கிங் பகுதிக்கும் அயர்னிங் பகுதிக்கும் நடுவே. அதை அக்காவே விளையாடித் திறந்துவைப்பார் என்றார்.

அக்கா அந்த விளையாட்டை அதுவரை பார்த்ததில்லை. வீட்டில் அண்ணன் ராத்திரியும் பகலும் எதோடு மல்லுக்கட்டினார் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் தனக்கு ஆசை என்று வரும்போது என்னிடம் சொல்லியிருந்தார். ஒற்றை விரலால் தட்டினார். வாசல் கேட். கட்டிங். தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கும் பவர் டேபிள். செக்கிங் மேசையில் டார்ச்சை எடுத்தார். கூட்டம் கொட்டாவி விட்டது. கிழக்கே போனார். நினைவு அறை வந்தது. மாலை, விளக்கு, தூண், சாந்தம் எல்லாம் இருந்தன. பொறுமையாகப் படித்தார். பிறகு ‘கிழக்கே போ’ என்று தட்டினார்.

அந்தப் பக்கம் வழி இல்லை என்றது திரை.

‘மேற்கே போ’. வழி இல்லை. ‘வெளியே போ’. வழி இல்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சோதிக்கும்போது சிவசாமி நினைவு அறைக்குத் தாவியிருக்கிறார், ரசித்திருக்கிறார், அங்கிருந்து அயர்னிங்குக்குத் தாவியிருக்கிறார். உள்ளே வர ஒரு வழி வைத்தவர் வெளியே போக ஒன்று வைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் நடந்தே பார்த்த மனிதனின் மனைவியை, அவன் பெயரால் கட்டிய அறைக்குள் அடைத்துவிட்டார்.

“ஏனுங்க அக்கா, ‘தாவு அயர்னிங்’னு அடிச்சுப்போடுங்க. போயிரலாமுங்க” என்றார் சிவசாமி மைக்கில்.

அக்கா திரும்பிப் பார்த்தார். “அவிய எங்கயும் தாவ மாட்டாவளே. இந்த ரூமுக்கு வாசல் வைக்க மறந்துட்டியளா?”

‘சின்ன டெக்னிக்கல் பிராப்ளமுங்க’ என்று சிவசாமி திரையை அணைத்துப் பொன்னாடையை எடுத்தார். நீங்கள் கைதட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாளே நிரலை எடுத்து நினைவு அறையை அழித்தேன். ‘தாவு’, ‘வரவழை’ கட்டளைகளையும் அழித்தேன். சிவசாமி கூப்பிட்டு, “அவருக்கு இது அவமரியாதைங்க” என்றார். “வாசல் இல்லாத ரூம்தானுங்க அவமரியாதை” என்று போனை வைத்துவிட்டேன். பிறகு நான் வாசல் கேட்டிலிருந்து நடந்தேன். வழி சரியாக இருந்தது. கடைசிப் பெட்டியை மட்டும் திறக்காமல் விட்டுவிட்டு ரெஜினா அக்காவை அண்ணனின் ராயபுரம் அலுவலகத்துக்கு அழைத்தேன்.

அவரும் நடந்தார். டார்ச், சாவி, கோடவுன். சுவரோரத்தில் கடைசிப் பெட்டி. மொத்த விளையாட்டிலும் அண்ணன் என்னை எழுதவிடாமல் தானே எழுதிய இடம் அது ஒன்றுதான். ‘பெட்டியைத் திறந்தாய். பனியன்கள் இருக்கின்றன.’ அவ்வளவே. அக்கா ‘பெட்டியை ஏற்று’ என்று தட்டினார். திரை கேட்டது: ‘ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாயா?’

அக்காவுக்குத் திரையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. “நான் தொவச்ச சட்டையக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் போடுவாவ. செத்தும் திருந்தல பாரு இந்த மனுசன்.” சொல்லும்போதே அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘பனியனை எடு’ என்று தட்டினார். எடுத்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். பெட்டி காலியாகும்வரை நான் குறுக்கே பேசவில்லை.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ‘தடம்’. அதை மட்டும் நான் அழிக்கவில்லை. வீரபாண்டிக்குப் போய் நிற்கும்போதும் அது எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் மாட்டேன் என்கிறார்கள் என்று படிக்கிறேன். மூஞ்சியையும் தூக்கிக்கொள்கிறேன், அதை அவரால் மாற்ற முடியவில்லை. அவர் என்னைத் திட்டியதெல்லாம் இப்போது எனக்கு வேண்டும்போல் இருக்கிறது. உங்களிடம் ஒரு விண்ணப்பம். விளையாட்டு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கடைசிப் பெட்டிவரை போய்விட்டு வந்து அவரைப் புகழுங்கள், ரோஜாப்பூவும் போடுங்கள். நான் அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். நடந்து வந்தீர்களா, தாவி வந்தீர்களா?