சேலை அளவில் ஓர் அலமாரி

போன வாரம் எங்கள் புது வீட்டு ஹால் சுவரில் அலமாரி அமைக்க இன்டீரியர்காரர் ஒருவர் வந்திருந்தார். அவர் கையில் இருந்த சின்னக் கருவியை அமுக்கினால் சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது, அளவு தானாக வந்துவிடுகிறது. "தட்டுக்குத் தட்டு பன்னண்டு இஞ்ச் குடுத்துடலாம் மேடம்" என்றார். மேல் தட்டுக்கு மட்டும் ஆறு இஞ்ச் போதும் என்றேன். "ஆறு இஞ்சுல இன்னா மேடம் வெப்பீங்க?" என்று சிரித்தார். வாசலில் இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. அங்கிருந்து ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது. அவ்வளவுதான், அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு நான் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன்.

பழைய வீடு இதே மனையில்தான் இருந்தது. அதில் ஹாலில் முக்கால் பங்கு பட்டுத்தறிக்கு. மிச்சத்தில் அப்பா, அம்மா, நான். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, போளூரில் டீச்சர் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வரும் வழியில் பழைய புத்தகமாக வாங்கித் தள்ளுவேன். படித்தேனா என்று கேட்காதீர்கள், பாதிதான் படித்தேன். எல்லாம் ஒரு கோணிப்பைக்குள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. மழைக்காலத்தில் நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

என்னைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும் அம்மா முடிவெடுத்துவிட்டாள். "கோணியப் பாத்தா வர்றவங்க இன்னா நெனப்பாங்க? பேஜாரு புடிச்ச மூட்ட! பழைய பேப்பருக்குப் போட்டுடு."

அப்பா தறியை விட்டு எழாமலே, "அடைச்ச ஜன்னல்ல ஷெல்ப் வெச்சிடலாமே" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒட்டிச் சுவர் எழுப்பியதால் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல் அது. ஆனால் அதை இடித்தால் தூசி பறக்கும். தறியிலோ அரக்கு நிறப் பாவு நூல் பூட்டியிருந்தது. பட்டு நூலில் சிமெண்ட் தூசி படிந்தால் சேலை போச்சு. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அமாவாச ஒருநாளு தறி ஓடாது. அன்னிக்குள்ள முடிச்சா ஷெல்ப்பு. முடியலன்னா மறுநாளு மூட்ட போயிடும்."

அமாவாசைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விடுமா என்ன? விடியும்போதே மேஸ்திரி வந்துவிட்டார். நானும் அப்பாவும் தறியின் மேல் போர்வை, பழைய சேலை, பிளாஸ்டிக் ஷீட் என்று கிடைத்ததையெல்லாம் போர்த்தினோம். பிறகு நான் பஸ் ஏறினேன். அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று சத்தியமாகத் தெரியாது.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது. உள்ளே ஓடினேன். ஜன்னல் இருந்த இடத்தில் ஐந்து கடப்பாக்கல் தட்டுகள் கறுப்பாகப் பளபளத்தன. புத்தகங்களைப் பாயில் கொட்டிவிட்டு, அந்தக் கோணியையே நனைத்துப் பூச்சின் மேல் போட்டிருந்தாள் அம்மா. ஆசையாக ஒரு புத்தகத்தை எடுத்துத் தட்டுக்கு நேராகப் பிடித்தேன். நிற்கவில்லை. அதன் தலை மேல் தட்டில் இடித்தது. இன்னொன்றும் அப்படியே.

"உயரம் யாருப்பா சொன்னது?"

"மேஸ்திரி கேட்டாரு. அம்மா மடிச்சு வெச்ச நாலு சேலைய அடுக்கிக் காட்டினேன்" என்றார் அப்பா, ரொம்பப் பெருமையாக. அவருக்குத் தெரிந்து தட்டு என்றால் அதில் சேலை இருக்கும்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "இன்னாடி இப்ப? சேலைய எவனாச்சும் நிக்க வெச்சிகினு இருக்கானா? படுக்க வை."

பூச்சு இறுக மூன்று நாள் காத்திருந்தோம். நான்காம் நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தாள். ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்து, சேலைக்கடையில் அடுக்குவதுபோல் நிறம் நிறமாக: மஞ்சள், அதன் கீழே ஆரஞ்சு, அரக்கு, மயில்கழுத்து. பெண் பார்க்க வந்தவர்கள் காபியை மறந்துவிட்டு அதையே பார்த்தார்கள். "எல்லாம் எம்பொண்ணு பட்ச்சதுங்க" என்றாள் அம்மா. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஊரையே ஜெயித்ததுபோல் இருந்தது!

அந்த வீட்டை இடித்துத்தான் இதைக் கட்டினோம். தறி இருந்த இடத்தில் சோபா கிடக்கிறது. அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. இடிக்கும்போது ஒரு கடப்பாக்கல்லை மட்டும் உடையாமல் எடுக்க வைத்தேன். மேல் தட்டுக்கு அதுதான்.

இன்டீரியர்காரரின் கேள்விக்குப் பதிலாக, பீரோவிலிருந்து நாலு பட்டுச்சேலையைக் கொண்டுவந்து அடுக்கிக் காட்டினேன். அவர் அதற்கும் சிவப்புப் புள்ளி வைத்தார். "ஆறே முக்கால் வருதுங்க மேடம்."

நான் மடித்த சேலைகள். அம்மா மடித்தால் கச்சிதமாக ஆறு வரும். அந்தக் கை இனி எங்கே கிடைக்கப்போகிறது?

"ஆறே போடுங்க" என்றேன்.