மாமன் மடி வந்த வழி

எனக்கு எண்பத்தாறு வயசு. பெத்தது நாலு, கொழுந்தன் பிள்ளைகள் மூணு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். அவசரம் ஒன்றுமில்லை.

மூத்த மகளுக்குக் காது குத்தின காலத்தில், சித்தையன்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஒருத்தரும் பிளேன் ஏறியதில்லை. மெட்ராஸில் வேலை பார்த்த என் தம்பிதான் முதல் ஆள். லீவு கொடுக்கத் தாமதமாகிவிட்டதென்று முதலாளியே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாராம். விசேஷத்தன்று காலைப் பிளேனில் வருவதாகத் தந்தி வந்தது.

பஸ்ஸில் என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரணும். ஆகாயத்தில் என்றால் உலை வைத்துச் சோறு வடித்துக் குழம்பு இறக்குவதற்குள் மதுரை என்றார்கள். அதை நம்பி என் வீட்டுக்காரர், புதன்கிழமை உச்சி ராகுகாலத்துக்கு முன்னால் நேரம் குறித்துவிட்டார். மதுரையில் இறங்கினவன் எங்கள் வாசலுக்கு வர எம்புட்டு நேரமாகும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியும் தம்பியைக் காணோம். ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்கணும். வேறு மடி என்றால் என் பிறந்த வீட்டு மரியாதை அன்றோடு போச்சு.

மாமியார் ஆரம்பித்தார்கள். “ஏத்தா, ஒந் தம்பி மேகத்துலயே பாய் விரிச்சுப் படுத்துட்டானா? எஞ் சின்னவன் மடியில உக்கார வையி. அங்க என்ன முள்ளா இருக்கு?”

“எம் மகளுக்கு மாமன் மடி இருக்கு அத்தை. அது பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கு.”

“பிளேன்ல வாரான்னியே?”

“பிளேன் நம்ம வயக்காட்டுலயா எறங்கும்? மதுரையில பஸ் ஏறி, சின்னாளப்பட்டியில எறங்கி, அங்கிட்டிருந்து வண்டி புடிச்சுத்தான வரணும்? அந்த வண்டிப் பாதைய நான் கொறைக்கிறேன்.”

அவர்கள் சொன்ன அந்தக் கொழுந்தனையே சின்னாளப்பட்டிக்கு வண்டி பூட்டச் சொன்னேன். பிள்ளை, ஆசாரி, தேங்காய்ப் பழத் தட்டு எல்லாம் ஏறியாச்சு. மாமியாரும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். வேடிக்கையை விட அவர்களுக்கு மனசு வராது.

சின்னாளப்பட்டியில் மதுரை ரோட்டோரம் ஒரு பிள்ளையார். அவர் முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டேன். ஒரு பஸ் வந்தது, அவன் இல்லை. மாமியார் என்னைப் பார்த்தார்கள், நான் ரோட்டைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் இறங்கினான் என் தம்பி, கையில் தோட்டு டப்பாவோடு.

“அக்கா, ஆகாயத்துல வந்ததே தெரியல. மதுரையில இருந்து வந்ததுதான் ஒரு யுகம்!”

“கதைய அப்பறம் பேசு. மொதல்ல சம்மணம் போட்டு உக்காரு.”

மாமன் மடியில் உட்கார்ந்து என் மகள் ஊரைக் கூட்டி அழுதாள். பக்கத்து நெசவுத் தெருவில் தறியை விட்டு ஓடிவந்த பெண்கள் குலவை போட்டார்கள். ராகுகாலம் பிறக்கவில்லை இன்னும். மாமியார் வெத்தலையை முதலில் என் தம்பிக்குத்தான் நீட்டினார்கள்.

பேத்தி, நீ போட்டிருக்கிறாயே, அந்தத் தோடுதான் அது. செத்த நேரம் உட்கார்ந்து இதைச் சத்தமாக வாசி. அன்றைக்கு ஊரைக் கூட்டி அழுத உங்க அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள், அவள் காதிலும் விழட்டும்.